முப்பதுக்கு நாற்பது

ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன்,
தொண்ணூற்றிரண்டிலிருந்து.
அடியில் இருப்பது பழுப்புத் தாள், ஊதா மை:
நூற்றுப் பத்து ரூபாய்.
மேலே இருப்பது கம்ப்யூட்டர் அச்சு:
பதினோராயிரத்துச் சொச்சம்,
குப்பைக்கென்று தனியே ஒரு தொகை.

நடுவில் வீட்டுக்கு என்ன ஆனது?
போன ஞாயிறு தையல் டேப்பால் அளந்தேன்.
முப்பதடி அகலம், நாற்பதடி நீளம்.
ஓர் அங்குலம் வளரவில்லை.
குளியலறைக் கதவு மட்டும்
மழைக்கு ஊதுகிறது, வெயிலுக்கு இளைக்கிறது.

வளர்ந்ததெல்லாம் எதிரே.
பனியன் மில் விழுந்த இடத்தில்
பன்னிரண்டு மாடிக் கண்ணாடி.
காலை வெயில் அதில் பட்டுத் திரும்பி
என் அடுப்பு மேல் விழுகிறது.
அதற்கும் கணக்கு உண்டோ என்னவோ.
லிங்கராஜபுரம் மூன்றாவது கிராஸ்
டி மண்டலத்திலிருந்து சி-க்கு
உயர்ந்துவிட்டது என்றார்கள் வார்டு ஆபீஸில்,
பாஸான பிள்ளையைச் சொல்வதுபோல.

"உங்க வீடு இப்ப ஒரு கோடியே நாற்பதும்மா."
சந்தோஷமாகத்தான் சொன்னார் இன்ஸ்பெக்டர்.
விற்றால் அது கோடி.
விற்காதவரை
ஒழுகும் மூலையில் வைத்த பக்கெட்.
டெலிபோன் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம்
காயில் சுற்றியதற்குப் பென்ஷன்
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
அதை எந்த மண்டலத்துக்கும் உயர்த்தக் காணோம்.

மாடியில் துருபா, அஸ்ஸாம் பையன்,
ஓட்டலில் ராத்திரி ஷிஃப்ட்.
வாடகையில் ஐந்நூறு கூட்டினேன்.
பேசாமல் கொடுத்தான்.
அடுத்த மாதம் அவன் வாசலில்
இன்னொருவனின் செருப்பும் கிடந்தது.
ஒரே அறை.

அந்தச் செருப்புதான் என்னை மனு எழுத வைத்தது.

வரியே வேண்டாம் என்று கேட்கவில்லை.
விடியுமுன் துடைப்பத்தோடு வரும் சாக்கம்மாவுக்கு
இதிலிருந்துதான் சம்பளம்.
அவளுக்கு மூன்று மாதம் பாக்கி என்பதும் தெரியும்.
அதனால் முதல் கேள்வி: கூட்டியது எங்கே போயிற்று?

வார்டு ஆபீஸ் மாநகராட்சியைக் காட்டியது.
மாநகராட்சி, "சட்டம் மேலே" என்று
விரலைத் தூக்கியது.
மேலே என்றால் விதான சௌதா.

குல்ஜார் பேகம் வீட்டு மொட்டைமாடியில்
எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, பதினாறு பேர்.
நூற்றுக்கு மூன்றுக்கு மேல் ஒரு வருஷத்தில் ஏற்றாதே.
குடியிருக்கும் வீட்டை
விற்பனைக்கு நிற்கும் வீடாக எண்ணாதே.
பென்ஷன்காரருக்குத் தவணை கொடு;
மிச்சத்தை வீடு கைமாறும்போது எடுத்துக்கொள்.
சிக்கவீரப்பா பஸ் ஓட்டியவர்,
"பிரேக் இல்லாத வண்டியை டெப்போவை விட்டு
வெளியே விடுவாங்களா?" என்றார். அதையும் எழுதினோம்.

கடைசி நாற்காலியிலிருந்து துருபா,
உடைந்த கன்னடத்தில்:
"வரி குறைந்தால் வாடகை குறையுமா?"

மொட்டைமாடியில் கொஞ்ச நேரம்
யாருக்கும் தொண்டை இல்லை.
குடியிருப்பவருக்குப் பாதி போய்ச் சேரவேண்டும்
என்று நான்காவதாக ஒன்று சேர்த்தோம்.
மூன்று பேர் அதற்குமேல் கையெழுத்துப் போடாமல்
டீயைக் குடித்துவிட்டு இறங்கினார்கள்.

கன்னடத்தில் நானே எழுதினேன்.
கன்னடத்தில் வரிக்குத் தெரிகெ என்று பெயர்.
என் காதுக்கு அது எப்போதும்
'தெரிகிறதா?' என்றே கேட்கும்.
தமிழில் வரி என்றால் கோடும்தான்.
கோடு என்றால் எங்காவது நிற்கவேண்டும்.

தபால் பிரிவில் எண் போட்டார்கள்: 7318.
நகலில் முத்திரை சாய்வாக விழுந்திருந்தது.
வீட்டுக்கு வந்து
கம்பியில் குத்தினேன்,
பதினோராயிரத்துக்கு மேலே.
துருபாவிடம் இருநூற்றைம்பதைத்
திருப்பிக் கொடுத்தேன். பாதி.
சட்டம் வரும்போது வரட்டும்.